முதுகுப் போட்டோக்காரர்

சைக்கிள் பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்ப்பதைப் போல அலுப்பான காரியம் வேறு கிடையாது. விடியும் முன்பே போய் நிற்க வேண்டும். நின்று நின்று கால் கடுத்து, கொண்டுபோன டீயும் ஆறிப்போன பிறகு சைரன் வைத்த ஜீப் ஒன்று வரும். அதன் பின்னால் கூட்டமாக ஒரு காற்று வீசிப் போகும். அதுதான் பந்தயம். முதலில் போனது யார், கடைசியில் போனது யார், ஒரு மண்ணும் தெரியாது. காலுக்குத் தேய்த்த தைலத்தின் வாசனை மட்டும் கொஞ்சம் நிற்கும். அதையும் அடுத்து வருகிற கோழி லாரி அடித்துக்கொண்டு போய்விடும்.

நான் ஆசைப்பட்டுப் போனவள் இல்லை. அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். எங்கள் பக்கத்தில் எந்த விளையாட்டு நடந்தாலும் கொடி பிடிக்கவும் கயிறு கட்டவும் எங்களைத்தான் இழுத்துப் போடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை, குளிர் விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், கோயமுத்தூரில் கிளம்பி சத்தியமங்கலத்தில் முடிகிற பெரிய பந்தயம் ஒன்று நடக்கும். பல மாநிலங்களிலிருந்தும் வருவார்கள். சைக்கிள் ஓட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள். எனக்கு விழுந்த இடம் புளியம்பட்டிக்கு முன்னால் ஒரு வளைவு. கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில், குறுக்கே வருகிற மொபெட்டுகளோடு சண்டை. அங்கேதான் அவரைப் பார்த்தேன்.

வெள்ளை அரைக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கழுத்தில் ஒரு கேமரா. அதன் மேல் பனி படாமல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். நான் போவதற்கு முன்பே வந்து, வளைவின் உள்பக்கமாக ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தார். ஜீப் கடந்தது. கூட்டம் தெரிந்தது. அவர் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, உரத்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?"

என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "எடுத்துக்கங்க, எனக்கென்னங்க" என்றேன்.

"உங்களயில்லீங்க அம்மணி. அவியளக் கேட்டேன்."

அவர்கள் என்றால் பந்தயக்காரர்கள். மொபெட்டே பிடிக்க முடியாத வேகத்தில் போகிறவர்களிடம் இவர் அனுமதி கேட்கிறார். 'ஏனுங்க' என்னும்போது முதல் ஆள் எங்களைக் கடந்துவிட்டான். 'ஒரு படம்' என்னும்போது பாதிக் கூட்டம் போய்விட்டது. 'எடுத்துக்கட்டுங்களா' முடிந்தபோது கடைசி ஆளும் தென்னந்தோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். அதன் பிறகுதான் கேமரா கண்ணுக்குப் போயிற்று. ஒரு கிளிக். கிடைத்தது முதுகுகள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கேமராவைத் திருப்பி, போன வருடத்துப் படங்களையும் அதற்கு முந்தின வருடத்துப் படங்களையும் காட்டினார். எல்லாம் முதுகு. சிவப்பு முதுகு, நீல முதுகு, வியர்வையில் ஒட்டிய முதுகு, மழையில் சேறு தெறித்த முதுகு. பெரிய லென்ஸோடு கோயமுத்தூரிலிருந்து வருகிற இளவட்டங்கள் இவருக்கு முதுகுப் போட்டோக்காரர் என்று பேர் வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. "நெசந்தானுங்களே" என்பார்.

ஒரு நீல முதுகின் மேல் விரலை வைத்து, "இது நம்ம பையனுங்க" என்றார். "எடது தோளு கொஞ்சம் எறங்கியிருக்குது பாருங்க. சின்னதுலருந்தே அப்படித்தானுங்க."

அந்தப் பையன் வடக்கே ஒரு ஊரில், சைக்கிள் அணி வைத்திருக்கிற ஒரு நிறுவனத்தில் வேலையாக இருந்தான். வருடத்தில் இந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் சொந்த மண்ணுக்கு வருவான். வந்து, அணியோடு ஓட்டலில் தங்கி, அணியோடு திரும்பிவிடுவான். சிறுமுகைப் பக்கம் வாழைத்தோட்டத்துக்குள் இருக்கும் சொந்த வீட்டில் கால் வைப்பதில்லை. அப்பாவோடு பேச்சு இல்லை.

அதற்குக் காரணமும் ஒரு படம்தான். பையன் ஏதோ ஒரு பந்தயத்தில் ஜெயித்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறான். இவரே எடுத்தது. அவ்வளவு நன்றாக வந்த படம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை என்றார். பெருமை தாங்காமல் அதைக் கல்யாணத் தரகரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் பையனுக்கு வயது வந்தால் போட்டோவும் ஜாதகமும் ஊர்வலம் கிளம்புவது ஒரு பெரிய விஷயமே இல்லை. எந்த அப்பாவும் அதற்குப் பையனைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. தரகர் அதை வாட்ஸ்அப்பில் போட, பொழுது சாய்வதற்குள் கரூர் வரைக்கும் எல்லாக் குழுவிலும் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பையன் மனதில் வேறு ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண்ணின் மாமாவும் அதில் ஏதோ ஒரு குழுவில் இருந்தார். இங்கே இவளோடு பேசிக்கொண்டு அங்கே பெண் தேடுகிறான் என்று ஆகிவிட்டது. என்ன சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

"போன் பண்ணிக் கேட்டானுங்க. 'என்ற மூஞ்சியக் குடுக்கறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா'ன்னு. அதான் கடைசியாப் பேசுனது. கேக்கலீங்களே அம்மணி. ஒரு வார்த்தைதானே? கேக்கலீங்களே."

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கேமராவுக்குப் போர்த்தினார். எனக்கு அதற்கு மேல் சிரிக்க வரவில்லை.

பையன் போன் பண்ணிய அன்றிலிருந்து அவருக்குக் கேட்காமல் எதையும் செய்ய முடியாமல் போயிற்று. பந்தயம் முடிந்து டீ குடிக்கப் போனால், பேக்கரியில் எல்லோருக்கும் போட்டிருக்கிற பெஞ்சில் உட்காரக்கூட, "உக்காந்துக்கட்டுங்களா?" என்பார். தேங்காய் பன் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே நிற்கும்போது, "பாத்துக்கட்டுங்களா?" என்பார். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். ஒருமுறை சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் படத்தில் விழும் என்று, மேய்க்கிற அம்மாவைத் தேடிப் போய்க் கேட்டார். அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆடு என்னங்க சொல்லப்போகுது, நல்லா எடுங்க" என்றது. இவர் திருப்தியாக வந்தார். அன்று ஆடுகளின் முகம் மட்டும் தெளிவாக விழுந்தது.

லென்ஸ்காரப் பையன்களில் ஒருவன் கேட்டான். "ரோட்டுல போறவங்களைப் படம் எடுக்க எதுக்குங்க பர்மிஷன்? பட்டன அமுக்கிப் பிடிச்சா மடமடன்னு எடுத்துத் தள்ளுமுங்க. அதுல ஒண்ணு மூஞ்சியா விழுகாதுங்களா?"

"ரோட்டுல போனாலும் மூஞ்சி அவியளோடதுதானுங்களே தம்பி."

எனக்கு விசில் ஊதிப் பழகிய வாய். எதையும் சுருக்கமாக முடித்தால்தான் நிம்மதி. "அண்ணா, அவ்வளவு நீளமாக் கேட்டா எப்படிங்க? 'எடுக்கட்டுமா'ன்னு மட்டும் கேளுங்க. பாதி மூஞ்சியாவது கெடைக்கும்" என்று யோசனை சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ங்க போடாமக் கேக்கறதுங்களா?"

"ஏனுங்கவையாவது விடுங்க."

"ஆளக் கூப்பிடாம எப்படிங்க கேக்கறது?"

கோயமுத்தூர்க்காரனின் மரியாதையால் உலகத்தில் எவ்வளவோ நஷ்டம் ஆகியிருக்கும். அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். வாக்கியத்தைக் குறைக்க மாட்டாரே தவிர, வேகம் குறைகிற இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். முதலில் அன்னூரைத் தாண்டி நேர்ச்சாலையில் நின்றாராம். பிறகு ஒரு வேகத்தடைக்குப் பக்கத்தில். பந்தயத்தன்று வேகத்தடையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த வளைவு. தன் வாக்கியம் முடிகிற அளவுக்கு மெதுவாகப் பையன் கடந்துபோகிற ஒரு இடம் இந்தச் சாலையில் எங்காவது இருக்கும் என்று நம்பினார். கேட்டால் அவன் திரும்பிப் பார்ப்பான். பார்த்தால் ஒரு படம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டில் பையன் அம்மாவோடு மட்டும் போனில் பேசுவான். அந்த அம்மா வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போடும். இவர் மாட்டுக்குத் தீவனம் வைக்கிற மாதிரி வெளியே நின்று கேட்பார். பேசி முடித்துவிட்டு அந்த அம்மா வந்து, "அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டான்" என்று சொல்லும். அவன் அப்படிக் கேட்கவில்லை என்று இவருக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டது அந்த அம்மாவுக்கு மறந்துபோயிருக்கும்.

"என்னங்க சொல்வீங்க அப்ப?"

"'சாப்பிட்டேன்னு சொல்லு'ம்பனுங்க. வேறென்னங்க சொல்றது."

அவர் தேடிய இடம் ஒருநாள் கிடைத்துத்தான் விட்டது. அந்த வருடம் கூட்டம் வழக்கம்போலக் கடந்து, வழக்கம்போல முதுகுகள் விழுந்து, அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்தங்கி ஒருவன் தனியாக வந்தான். நீலச் சட்டை. இடது தோள் இறங்கியிருந்தது. வளைவில் பின்சக்கரம் தடதடவென்று ஆடியது. ஆணியோ கண்ணாடித் துண்டோ, டியூப் போய்விட்டது. எங்கள் புளியமரத்துக்கு நேர் எதிரே இறங்கி நின்றான். சக்கரம் மாற்றுகிற வண்டி பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தது. சாலையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

இத்தனை வருடமாகக் கிடைக்காத நேரம் இப்போது கையில் கொட்டிக் கிடந்தது. எடுங்கள், சும்மா எடுங்கள் என்று என் மனது அடித்துக்கொண்டது. அவர் மெதுவாகச் சாலையைத் தாண்டிப் போனார். இரண்டு கை தூரத்தில் நின்றார். கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்.

"ஏனுங்க, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?"

பெற்ற பையனை ஊர்பேர் தெரியாத ஆளைக் கேட்பதைப் போலக் கேட்டார். அவனைப் பார்த்தால் கண்ணு என்பாரோ, சாமி என்பாரோ என்று நான் எதிர்பார்த்திருந்தேன். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அந்த வாக்கியத்தைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

பையன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது. "இப்ப வேண்டாங்க" என்றான்.

"செரிங்க" என்று லென்ஸுக்கு மூடியைப் போட்டார்.

வண்டி வந்தது. மெக்கானிக் சக்கரத்தை மாற்றினான். பையன் ஏறி உட்கார்ந்தான். மெக்கானிக் கழற்றிய சக்கரத்தை வண்டியில் ஏற்றப் போய்விட்டதால் பின்னால் தள்ளிவிட ஆள் இல்லை. அவர் கை சீட்டுப் பக்கம் போய், தொடாமல் நின்றது.

"தள்ளி உடட்டுங்களா?"

"ம்."

அந்த 'ம்' கேட்டதும் அவர் ஓடியதைப் பார்க்க வேண்டும். வேட்டி அவிழ, செருப்பு ஒன்று கழன்று விழ, சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வளைவு முடிகிற வரைக்கும் ஓடினார். அவன் போய்விட்டான். அவர் கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. நான் செருப்பை எடுத்துக்கொண்டு போனேன். முதுகையாவது எடுத்திருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"இப்ப வேண்டாம்னுதானுங்க சொன்னான். கேட்டீங்கல்ல அம்மணி? வேண்டாம்னு சொல்லலீங்க. இப்ப வேண்டாம்னு."

அந்த 'இப்ப'வை வைத்துக்கொண்டு அந்த மனிதர் வருடக்கணக்காக வாழ்ந்தார். அடுத்த வருடம் பையன் வரவில்லை. முழங்காலில் கோளாறு, இனிப் பந்தயம் இல்லை, அலுவலக வேலைதான் என்று ஸ்பீக்கரில் கேட்டதாகச் சொன்னார். சொன்னது அதே புளியமரத்தடியில், கழுத்தில் அதே கேமராவோடு. கூட்டம் வந்தது. அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டார். அதே முதுகுகள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பையன்தான் ஓட்டறதில்லையே. இன்னும் எதுக்குங்கண்ணா இந்தக் குளிர்ல?"

"கேக்கறது உட்டுப்போச்சுன்னா, அவன் வாரப்ப வாய் வராதில்லீங்க" என்றார்.

விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த வளைவில் அவர் பக்கத்தில் நிற்பது எனக்கு அன்று கஷ்டமாக இருந்தது. உலகத்தில் யாருமே நின்று பதில் சொல்லாத கேள்வியை ஒருவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பதை எத்தனை வருடம்தான் நின்று பார்ப்பது.

போன தையில் நடந்த பந்தயத்துக்கு அவர் வரவில்லை. புளியமரத்தடி காலியாக இருந்தது. கூட்டம் வந்து போயிற்று, கேட்க ஆளில்லாமல். எனக்குக் கொடியைச் சுருட்டியதும் வீட்டுக்குப் போக மனசில்லை. "ஊட்டுக்கு வாங்க அம்மணி" என்று ஒவ்வொரு வருடமும் வழி சொல்லியிருந்தார். ஸ்கூட்டரைச் சிறுமுகைக்கு விட்டேன்.

அவர் வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் வரப்பில் ஏறி, "வாங்க வாங்க" என்றார். ஆனால் வீட்டுப் பக்கம் நகரவில்லை. அந்த அம்மாதான் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

"நீயாச்சும் சொல்லு கண்ணு. பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. அங்கேயே, கூட வேலை பாக்கற புள்ள. ஒரம்பரை, சொந்தபந்தம் யாருக்கும் சொல்லல. எனக்குப் போட்டோ அனுப்பிச்சான். இவர் பாக்க மாட்டேங்கறாரு. போன் இருக்கற ரூமுக்குள்ளயே வரமாட்டேங்கறாரு. சோறு வாசல்ல."

அவர் பின்னாலேயே வந்து நடைக்கு வெளியே நின்றிருந்தார். "அவ போனுக்குத்தானுங்க அனுப்பிச்சான். எனக்கில்லீங்களே. அவனக் கேக்காம அவன் மூஞ்சிய எப்படிங்க பாக்கறது?"

கோபித்துக்கொள்வதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. "கேட்டுட்டாப் போச்சு. போனப் போடுங்கம்மா" என்றேன். மைதானத்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில்தான் சொன்னேன்.

அந்த அம்மா போட்டது. ஸ்பீக்கரில். எடுத்ததும் அந்த ஊர்த் தெருச் சத்தம் வந்தது. யாரோ தள்ளுவண்டிக்காரன் புரியாத பாஷையில் கூவிக்கொண்டு போனான்.

"சாமி, அப்பா ஒரு வார்த்தை கேக்கோணுங்கறாரு. உங்க கல்யாணப் படத்தைப் பாத்துக்கட்டுமான்னு."

தள்ளுவண்டிக்காரன் குரல் தூரமாகப் போய்த் தேய்ந்தது. பிறகு, "ம்."

"ம்னுட்டான்" என்றது அந்த அம்மா.

"கேட்டுதுங்க" என்றார் அவர்.

துண்டில் கையைத் துடைத்தார். உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த அம்மா படத்தைத் திறந்து நீட்டிய போனை இரண்டு கையாலும் வாங்கினார். பையன் மாலையோடு நின்றிருந்தான். பக்கத்தில் அந்தப் பெண். பையன் கேமராவை நேராகப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருந்தான். முன்பு ஒருமுறை இவரைப் பார்த்து அப்படித்தான் சிரித்திருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது அதை எடுத்தது வேறு யாரோ.

அவர் வெகு நேரம் பார்த்தார். பெரிதாக்கவில்லை, விரலால் தொடவும் இல்லை. பிறகு என் பக்கமாகப் போனைச் சாய்த்துக் காட்டினார்.

"கேட்டுத்தான் எடுத்திருக்காங்க, இல்லீங்களா அம்மணி? மூஞ்சியப் பாருங்க."

அந்த அம்மா பையனோடு பேசிய லைனைத் துண்டிக்க மறந்திருந்தது. தெருச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் பையனும் வைக்கவில்லை.